இரும்புக்கை மாயாவியின் முதல் வரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி என்றதும் நம்மில் பலருக்குச் சிவகாசியிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் புத்தகம்தான் கண்முன் நிற்கும். ஆள் பிறந்தது என்னவோ லண்டனில், 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில். அந்த முதல் தொடரைப் பிற்பாடு மறுபதிப்பில் படித்துவிட்டு நண்பர்களிடம் சொல்லப் போக, ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள். பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்ததால் எழுதியே வைத்துவிட்டேன்.

அவர் முதன்முதலில் எப்போது, எங்கே வந்தார்?

1962 அக்டோபர் 6 தேதியிட்ட வேலியண்ட் முதல் இதழில். லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனம் பையன்களுக்காகத் தொடங்கிய புதிய வார இதழ் அது. இதழும் நாயகனும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்களில் அட்டைத் தேதிக்குச் சில நாள் முன்பே கடைக்கு வந்துவிடும் வழக்கம் உண்டு. அதனால் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பின் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாரமே விசேஷமான வாரம். ஜேம்ஸ் பாண்டின் முதல் திரைப்படமான 'டாக்டர் நோ' லண்டனில் முதல் காட்சி கண்டது 1962 அக்டோபர் 5 அன்று. அதில் வரும் வில்லனுக்கும் உலோகக் கைகள்தான்! யாரும் யாரையும் பார்த்து எழுதியிருக்க வழியில்லை, வெறும் தற்செயல். ஆனாலும் அந்த வாரம் லண்டனில் உலோகக் கைக்கு நல்ல மவுசு இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸ்பைடர்மேன் அறிமுகமானதும் அதே வருடம் ஆகஸ்டில்.

அசல் பெயர் என்ன? 'இரும்புக்கை மாயாவி' என்பது மொழிபெயர்ப்பா?

அசல் தொடரின் பெயர் 'தி ஸ்டீல் க்ளா'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எஃகு நகம்' அல்லது 'எஃகுப் பிடி' என்று வரும். எஃகு என்று ஒரு பத்து வயதுப் பையனைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள், தெரியும். எஃகு இரும்பானது, நகம் கையானது, அசல் தலைப்பில் இல்லாத 'மாயாவி' வந்து ஒட்டிக்கொண்டார். ஆங்கிலத் தலைப்பு ஆயுதத்தை மட்டும் சொல்கிறது. தமிழ்த் தலைப்பு கையையும் சொல்லி, கைக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆளையும் சொல்லிவிடுகிறது. என்னைக் கேட்டால் தமிழ்ப் பெயர்தான் ஒரு படி மேல். நாயகனின் சொந்தப் பெயர் லூயிஸ் கிராண்டேல். ஸ்பெயினில் இதே தொடர் 'ஸார்பா தே அஸேரோ' என்ற பெயரில் வந்தது. அதுவும் எஃகு நகம்தான்.

முதல் கதையில் என்ன நடக்கிறது?

லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். பேராசிரியர் பாரிஞ்சர் என்பவரிடம் வேலை. ஆய்வுக்கூட விபத்து ஒன்றில் வலது கையை இழந்தவர். அந்த இடத்தில் எஃகில் செய்த செயற்கைக் கையைப் பொருத்தியிருக்கிறார்கள். பிறகு இன்னொரு விபத்து. இந்தத் தடவை உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. செத்திருக்க வேண்டிய மனிதர் சாகவில்லை. உடம்பு மட்டும் கண்ணுக்கு மறைந்துபோகிறது. மிச்சம் தெரிவது அந்த எஃகுக் கை.

இதுவரைக்கும் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கிராண்டேல் அடுத்து செய்வதில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் போலீசிடம் போகவில்லை, பேராசிரியரிடம் "காப்பாற்றுங்கள்" என்று கெஞ்சவும் இல்லை. திருடக் கிளம்புகிறார்.

என்னது, மாயாவி திருடனா?

ஆமாம். முதல் தொடரில் அவர்தான் வில்லன். வேலை செய்த இடத்தில் மனதுக்குள் புழுங்கிக் கிடந்த ஒருவனுக்குத் திடீரென்று யாரும் பார்க்க முடியாத உடம்பு கிடைக்கிறது. மின்சாரம் மூளையையும் கலக்கிவிட்டது என்று கதை ஒரு சமாதானம் வைத்திருக்கிறது. அதிர்ச்சியால் வந்த தற்காலிகப் பைத்தியம், இயல்பில் கெட்டவர் இல்லை என்று அர்த்தம். ஆனால் வாராவாரம் படித்த பையனுக்கு அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கும் என்று சந்தேகம்தான். பக்கத்தில் அவன் பார்த்தது, அந்தரத்தில் மிதந்து வரும் ஓர் உலோகக் கை பூட்டை உடைப்பதை, காவலாளியின் கழுத்தைப் பிடிப்பதை. அவரைத் துரத்திப் பிடிக்கப் பார்க்கிறவர் பாரிஞ்சர்.

இன்று அந்தப் பக்கங்களைப் படித்தால் சூப்பர் ஹீரோ கதை மாதிரியே தோன்றாது. பயமுறுத்தும் கதை என்றுதான் சொல்லத் தோன்றும். பின்னால் வந்த சாகசங்களில் அந்தக் கை உள்ளே நுழைந்தால் "அப்பாடா, வந்துவிட்டார்" என்று நிம்மதி வரும். முதல் தொடரில் அதே கை நுழைந்தால் அறையில் இருப்பவன் செத்தான் என்று தோன்றும். வரைந்த விதம் ஒன்றே. கை யார் பக்கம் இருக்கிறது என்பதுதான் வேறு. நான் இளம் வயதில் மாயாவி கதைகளை வாடகை நூல் நிலையத்தில் கிடைத்த வரிசையில், அதாவது வரிசையே இல்லாமல், படித்தவன். நல்லவராகவே அறிமுகமான மனிதருக்கு இப்படியொரு பூர்வீகம் இருக்கும் என்று தெரியாது. ஊரில் மரியாதையாக நடமாடும் பெரியவரின் பழைய வழக்கு ஒன்று கையில் கிடைத்தது போல இருந்தது.

பிறகு எப்படி நல்லவரானார்?

அதிர்ச்சியின் விளைவு தெளிந்து பழைய புத்தி திரும்புகிறது, அவ்வளவுதான். கதைக்குள்ளே காரணம் அது. கதைக்கு வெளியே இன்னொரு காரணம் இருக்கும் என்பது என் எண்ணம். வார இதழில் வில்லனை நாயகனாக வைத்து எத்தனை மாதம் ஓட்ட முடியும்? பிடிபட வேண்டும், இல்லையென்றால் திருந்த வேண்டும். பிடிபட்டால் தொடர் முடிந்துவிடும். பையன்களுக்குக் கை பிடித்துப் போயிருந்தது. எனவே திருந்தினார்.

அதன்பின் கொஞ்ச காலம் தன்னிச்சையாக வில்லன்களை எதிர்த்தார். அப்புறம் பிரிட்டிஷ் உளவுத்துறையின் ரகசியப் பிரிவான 'ஷேடோ ஸ்குவாட்'டில் சேர்த்துக்கொண்டார்கள். தமிழில் 'நிழற்படை' என்று படித்திருப்பீர்கள். அங்கே போன பிறகு கையும் வளர்ந்தது. விரலிலிருந்து குண்டு பாயும், மயக்கவாயு வரும், உள்ளங்கைக்குள் வானொலிக் கருவி. பாண்ட் படங்கள் சக்கைப்போடு போட்ட காலம் அது, சும்மா இருப்பார்களா? எனக்கு இந்தக் கட்டம் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். கையில் எல்லாமே இருந்தால் கதையில் ஆபத்து இருக்காது.

மின்சாரம் தாக்கினால் மறைவது சரி. உடுப்பு எப்படி மறைகிறது?

கேட்கக் கூடாத கேள்வி. எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய நாவலில் வரும் மாய மனிதனுக்குத் துணி மறையாது. பாவம், குளிரில் அம்மணமாக அலைவான். கிராண்டேலுக்கு அந்தச் சங்கடம் இல்லை, சட்டை பேண்ட்டோடு மறைந்துவிடுவார். அறிவியல்படி பார்த்தால் வெல்ஸ் நேர்மையானவர். சிறுவர் இதழ் என்று பார்த்தால் வேலியண்ட் செய்தது புத்திசாலித்தனம்.

சக்திக்கு வரம்பு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தின் வேகம் தீர்ந்ததும் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய மறுபடி மின்சாரம் வேண்டும். சுவரில் உள்ள பிளக்கைத் தேடி எஃகு விரல்களை உள்ளே விடுவார். அந்தக் காட்சியைப் பார்த்து எத்தனை வீட்டுப் பையன்கள் ஆணியோடு பிளக் பக்கம் போனார்களோ! (யாரும் போக வேண்டாம்.)

யார் எழுதியது, யார் வரைந்தது?

முதலில் எழுதியவர் கென் புல்மர். அறிவியல் புனைகதை நாவல்கள் நிறைய எழுதியவர். அவருக்குப் பின் டாம் டல்லி வந்து நெடுநாள் எழுதினார். கால்பந்துத் தொடரிலிருந்து பேய்க்கதை வரை பிரிட்டிஷ் வார இதழ்களில் டல்லி கைவைக்காத வகை குறைவு.

வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ. மாயாவிக்கு இத்தனை ஆயுள் கொடுத்தது எழுத்தாளர்களா இவரா என்று கேட்டால் யோசிக்காமல் இவர் என்பேன். 1919இல் பார்சிலோனாவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே 'குட்டோ' என்ற சிறுவனை நாயகனாக வைத்து ஸ்பெயினில் தொடர் வரையத் தொடங்கியவர். உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள், வீடே ஒரு பட்டறை. ஐம்பது, அறுபதுகளில் ஃப்ளீட்வேக்கு வாரந்தோறும் மலையளவு பக்கம் தேவைப்பட்டது. முகவர்கள் மூலம் ஸ்பெயின், இத்தாலி ஓவியர்களுக்கு வேலை போனது. அங்கே கிடைத்ததைவிட லண்டன் கூலி நல்ல கூலி. பிளாஸ்கோ அந்த வழியில் வந்தவர்தான்.

மாயாவியை வரைவதில் ஒரு தொழில் சிக்கல் இருக்கிறது. நாயகனே கண்ணுக்குத் தெரிய மாட்டார் என்றால் கட்டத்துக்குள் எதை வரைவது? வெறும் அறையையா? அங்கேதான் கை காப்பாற்றுகிறது. பிளாஸ்கோவின் பக்கங்களில் அந்தக் கை ஒரு நடிகர். கோபத்தில் விரல்கள் மடங்கும், யோசிக்கும்போது ஒரு விரல் தளரும், பதுங்கும்போது சுவரோரம் ஒட்டி நிற்கும். முகமில்லாத ஆளின் மனநிலை உங்களுக்குத் தெரிந்துவிடும். கூடவே அடர்ந்த மை நிழல்கள். பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களில் ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் விழுமே, அந்த மாதிரி வெளிச்சம். மட்டமான நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சாகியும் அந்தக் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது.

பிற்காலப் பக்கங்களில் கார்லோஸ் குரூஸ் வரைந்தவையும் உண்டு. குறை சொல்ல முடியாத கைதான். ஆனால் பிளாஸ்கோவின் இருட்டு அவரிடம் இல்லை.

அவர்கள் பெயரை ஏன் நாம் கேள்விப்பட்டதே இல்லை?

இதழில் அச்சடிக்கவே இல்லை, அதுதான் காரணம். அன்றைய ஃப்ளீட்வே வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. பின்னாளில் ஆர்வலர்கள் பாணியை வைத்தும் பழைய ஆவணங்களை வைத்தும் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துச் சேர்த்ததுதான் இன்று நமக்குத் தெரிந்தது.

வாரம் எத்தனை பக்கம் வந்தது?

இரண்டு மூன்று பக்கம். அதற்குள் போன வாரச் சுருக்கம், இந்த வாரச் சம்பவம், அடுத்த வாரம் கடைக்கு ஓட வைக்கும் கடைசிக் கட்டம் என எல்லாம் வேண்டும். இதனால் முழுக் கதையாகத் தொகுத்துப் படிக்கும்போது சில பக்கங்களுக்கு ஒரு தரம் யாராவது ஆபத்தின் விளிம்பில் தொங்குவார்கள். அடுத்த பக்கத்தில் "எஃகுக் கையுடைய லூயிஸ் கிராண்டேல்..." என்று மறுபடி அறிமுகம் நடக்கும். ஒரே மூச்சில் படித்தால் எரிச்சல் வரும். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று படித்துப் பாருங்கள், அந்தத் தாளம் பிடித்துவிடும். நம்மூர் வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவருக்கென்று தனி இதழ் எப்போது வந்தது?

அமெரிக்காவில் ஒரு நாயகன் பிரபலமானால் அவன் பெயரிலேயே மாத இதழ் வந்துவிடும். பிரிட்டனில் அப்படி இல்லை. ஒரே இதழுக்குள் பத்துப் பேர் குடித்தனம். வேலியண்டின் முதல் இதழிலேயே கேப்டன் ஹரிக்கேன் என்ற போர்க்கால முரடன் இருந்தான். அடுத்த சில வருடங்களில் கெல்லி என்ற சாகச வீரன், மைடெக் என்ற ராட்சத இயந்திரக் குரங்கு என்று கூட்டம் சேர்ந்தது. எனவே நாலைந்து வருடம் நம் ஆள் கூட்டுக் குடும்பத்தில்தான் இருந்தார்.

தனிக்குடித்தனம் 1967இல் அமைந்தது. 'ஃப்ளீட்வே சூப்பர் லைப்ரரி' என்ற பெயரில் கையடக்கமான, தடித்த புத்தகங்களைக் கொண்டு வந்தார்கள். போர்க்கதைக்கு ஒரு வரிசை, உளவுக்கதைக்கு ஒரு வரிசை, விந்தைக்கதைக்கு ஒரு வரிசை. இந்த மூன்றாவதான 'ஃபென்டாஸ்டிக்' வரிசையில் ஸ்டீல் க்ளாவும், ஸ்பைடர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் நாயகனும் (ஸ்பைடர்மேன் அல்ல) மாறி மாறி வந்தார்கள். ஒரு புத்தகம், ஒரு முழுக் கதை, "தொடரும்" கிடையாது. ஓவியம் பிளாஸ்கோ அல்ல, வேறு பலர். வார இதழ்ப் பக்கங்களோடு ஒப்பிட்டால் ஒரு படி கீழேதான் வைப்பேன். ஆனால் மாயாவி ஒருவரை மட்டும் நம்பி ஒரு புத்தகத்தை விற்கலாம் என்று நிறுவனம் துணிந்தது இங்கேதான்.

அவரைச் சூப்பர் ஹீரோ என்று சொல்லலாமா? முதல் பிரிட்டிஷ் சூப்பர் ஹீரோ அவர்தானா?

முதல் அல்ல. 1944இலேயே 'டேண்டி' இதழில் 'அமேசிங் மிஸ்டர் எக்ஸ்' வந்துவிட்டார். 1954இல் மார்வெல்மேன் வந்தார். அமெரிக்காவில் கேப்டன் மார்வெல் இதழ் நின்றுபோய் பிரிட்டிஷ் பதிப்பாளருக்கு மறுபதிப்புக்குச் சரக்கு இல்லாமல் போனபோது, மிக் ஆங்க்லோ என்ற காமிக்ஸ் படைப்பாளியைக் கொண்டு உள்ளூரிலேயே தயாரித்த மாற்று அது. அந்த இருவரும் அமெரிக்க அச்சில் வார்த்தவர்கள்.

கிராண்டேல் அந்த அச்சில் இல்லை. மேலங்கி கிடையாது, முகமூடி கிடையாது, நீதிக்காக என்று சபதம் எடுத்தவரும் இல்லை. சக்தி உண்டு, அவ்வளவே. பிரிட்டிஷ் வார இதழ்களுக்கு இப்படிக் கோணலான நாயகர்கள்மேல் ஒரு பிரியம் இருந்திருக்கிறது. 1965இல் 'லயன்' வார இதழில் வந்த ஸ்பைடரும் குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிப் பிறகு கட்சி மாறியவர்தான். அவர் கதைகளைப் பின்னால் எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது தனி வேடிக்கை. ஆக, சூப்பர் ஹீரோ என்று சொல்லுங்கள், தப்பில்லை. திருடனாக வந்து சேர்ந்தவர் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

உடுப்பு போட்டு வந்தார் என்று ஒருவர் சொன்னாரே?

உண்மைதான். அறுபதுகளின் பிற்பகுதியில் கொஞ்ச காலம் சீருடை மாட்டிவிட்டார்கள். தொலைக்காட்சியில் பேட்மேன் கொடிகட்டிப் பறந்த நேரம். நெடுநாள் நீடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத மனிதருக்கு எதற்கு யூனிஃபார்ம்?

தொடர் எப்போது முடிந்தது?

1970இல் நின்றது. அடுத்த வருடமே திரும்ப வந்து 1973 வரை ஓடியது. 1975இல் 'வல்கன்' என்ற மறுபதிப்பு வார இதழ் பழைய கதைகளைப் புதுப் பையன்களுக்குக் காட்டியது. வேலியண்டே 1976 அக்டோபரில் வேறொரு இதழோடு இணைந்து மறைந்தது.

தமிழுக்கு எப்படி வந்தார்?

1972 ஜனவரியில். முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பதிப்பித்தவர் சௌந்திரபாண்டியன், ஆசிரியப் பொறுப்பில் முல்லை தங்கராசன். லண்டனில் ஒரு புதிய இதழ் இந்தக் கையை வைத்துக்கொண்டு பிறந்தது. பத்து வருடம் கழித்துத் தமிழிலும் ஒரு புதிய இதழ் அதே கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கத் தொடங்கியது. பிறகு 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' என்று பல வந்தன. ஸ்பைடர் நம்மிடம் வர 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை நடத்தியவர் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன்.

பிரிட்டனில் மாயாவி ஒரு தலைமுறையின் நினைவாகச் சுருங்கிவிட்டார். அங்கே இன்றைய பையனிடம் கேட்டால் விழிப்பான். இங்கே அப்படி இல்லை. தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் தெரிந்த பெயர்.

சினிமாவாக வருகிறது என்கிறார்களே?

'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்கும் ஆசை தனக்கு உண்டு என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெயர் ஒன்று என்பதற்காகக் கதையும் கிராண்டேலின் கதைதான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அந்த முதல் தொடரை இப்போது எப்படிப் படிப்பது?

பழைய ஃப்ளீட்வே படைப்புகளின் உரிமையை ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கியிருக்கிறது. அது 2021இல் ஆரம்பக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டது. புல்மர், டல்லி, பிளாஸ்கோ மூவர் பெயரும் அதில் ஒழுங்காக இருக்கிறது.

அசல் 1962 இதழே வேண்டும் என்கிறவர்கள் விற்பவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளே கூப்பன் வெட்டியிருக்கிறதா? எந்தக் கதை பிடித்தது என்று வெட்டி அனுப்பும் வாக்குச் சீட்டு அக்கால இதழ்களில் வரும். பையன்கள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவார்கள். வெட்டிய கூப்பனின் மறுபக்கத்தில் எந்தக் கதையின் கட்டம் போயிற்று என்பது உங்கள் அதிர்ஷ்டம்.